கேபிள் இல்லாமல் எரிந்த பச்சை

ஹெட்போனில் முதல் 'டிக்' கேட்டபோது, கணவர் எச்சில் விழுங்குகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் அவர் வாயை மூடியிருந்தபோதும் அது வந்தது.

நாளைக் காலை எட்டு மணிக்கு அவருடைய குரல்வளையை எடுத்துவிடப் போகிறார்கள். அதற்குள் நாலு வயது மகளுக்காக அவர் குரலில் ஒரே ஒரு கதையாவது பழுதில்லாமல் பதிவாக வேண்டும். மகளைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பின்னறையில், போர்வைகள் தொங்கும் கண்ணாடித் தடுப்புக்குள் அவரை உட்கார வைத்திருந்தாள். மத்தியான வெயில் திரையின் ஓரமாகக் கசிய, சூடேறிய கருவிகளின் பிளாஸ்டிக் வாடையும் அவருடைய மருந்து நெடியும் அறைக்குள் தேங்கிக் கிடந்தன.

"இன்னும் டிக்டிக்கா?" என்றார் கரகரப்பாக. "நாளையிலேருந்து உன்னை எதிர்த்துப் பேச ஆளில்ல. இன்னிக்காவது பேச விடும்மா."

"ஒரே நிமிஷம்ங்க."

தெரிந்த கோளாறுதான். ஒலியை நொடிக்குப் பல்லாயிரம் துண்டாக எண்ணும் கடிகாரம் மைக் பெட்டிக்குள் ஒன்று, பதிவுப் பெட்டிக்குள் ஒன்று. ஒன்றின் பின்னால் மற்றது போகாவிட்டால் இடறுகிற இடமெல்லாம் டிக். மைக் பெட்டியின் துடிப்பைப் பின்தொடரும்படி பதிவுப் பெட்டியை 'வெளிக் கடிகாரம்' என்று மாற்றி, இரண்டையும் கடிகாரக் கேபிளால் இணைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. டிக் நிற்கவில்லை. கேபிளில்தான் வம்பு என்று அதை உருவினாள்.

டிக் நின்றது.

விளக்கு அணையவில்லை.

வெளியிலிருந்து துடிப்பு வந்தால்தான் அந்தப் பச்சை எரியும். கேபிள் அவள் கையில் தொங்கியது. கேபிள் செருகும் துளையை விரலால் தடவினாள். காலி. கதை சொல்லத் தொடங்கிவிட்ட அவர் குரலோ இத்தனை வருடங்களில் கேட்டிராத தெளிவோடு காதுக்குள் ஓடியது. அந்த வெளித் துடிப்பைத் துண்டித்துப் பார்க்க 'உள் கடிகாரம்' பொத்தானை அழுத்தினாள்.

"மேகக்குட்டி அந்த மலையைத் தா..."

நிசப்தம்.

கண்ணாடிக்குள் அவர் வாய் திறந்தபடியே நின்றது. "ஏங்க!" கதவைத் தள்ளி ஓடினாள். தோளைப் பிடித்து உலுக்கினாள். கன்னத்தில் சூடு இருந்தது. மூக்கில் மூச்சில்லை. திறந்த கண்ணில் இமை அசையவில்லை. விழுந்தடித்து ஓடிவந்து பொத்தானை மறுபடி வெளிக்கு மாற்றினாள்.

"...ண்டிப் போச்சு."

அதே சொல்லின் மீதி.

"போதும்ங்க. நிறுத்துங்க. வெளிய வந்துடுங்க."

அவர் நிறுத்தவில்லை. கதையை முடித்தார். மூச்சு விடாமல் முதல் வரிக்குப் போனார். அதே ஏற்றம். அதே இறக்கம். மறுபடி முடித்தார். மறுபடி முதல் வரி.

எங்கிருந்தோ வரும் அந்தத் துடிப்பில்தான் இப்போது அவரும் ஓடுகிறார். அவள் விரல் பொத்தான் மேல். அழுத்தினால் நின்றுவிடுவார். முழுசாக.

கண்ணாடிக்குள் உதடுகள் சிரித்துச் சிரித்துக் கதை சொல்லின. கண்கள் மட்டும் சிரிக்கவில்லை. நீர் வழிய, இமைக்காமல், அந்தப் பொத்தானையும் அவளையும் மாறிமாறிப் பார்த்து, அழுத்திவிடு என்று கெஞ்சின.