மூடி போட்ட சாட்சி

"ஐயோ...!"

அந்த அலறலில் எதிர் வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

டீச்சரின் வீடு. பட்டப்பகல் பதினோரு மணி!

மாடி அறையில், கண்ணாடி அலமாரிக்கு முன்னால், வெள்ளைக் கோட்டு போட்ட ஓர் ஆள் குப்புற விழுந்து கிடந்தான். பக்கத்தில் கவிழ்ந்த ஸ்டூல். அதற்கும் பக்கத்தில் செங்கல் கனத்தில் ஒரு பழைய கேமரா... அதன் மூலையில் ரத்தம்!

டீச்சர் அந்த உடம்பைப் புரட்டினாள். முகத்தைப் பார்த்தாள்.

அதற்கப்புறம்தான் அலறினாள்.

அது அவள் புருஷன்!

உயிர் இருந்தது. நினைவுதான் இல்லை. ஆம்புலன்ஸ் அவனை அள்ளிக்கொண்டு போன கொஞ்ச நேரத்தில் இன்ஸ்பெக்டர் வந்தாள். காக்கி உடுப்பு, கூர்மையான கண், அதைவிடக் கூர்மையான மூக்கு. தூசி என்றால் அந்த மூக்குக்கு ஆகாது.

"அச்ச்...! என்னம்மா, வீடா மியூசியமா?"

"அவர் பழைய ஃபிலிம் கேமரா சேர்க்கிறவர் மேடம். எங்கண்ணன் ரிப்பேர் பண்ணிக் கொடுப்பார். ரெண்டு பேருக்கும் அதே பைத்தியம்."

அலமாரியின் நடுத்தட்டு காலியாக இருந்தது.

"இங்க என்ன இருந்தது?"

"அண்ணனோட கேமரா. அவரோட உயிர். பார்க்க அழகா இருக்குன்னு இவர் இரவல் வாங்கி வச்சிருந்தார்."

"இப்போ காணோம்... அச்ச்!"

தரையில் என்னவோ மின்னியது. இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் எடுத்தாள். வளைந்த முனையுள்ள மெல்லிய கம்பி. பல்லைக் குத்திப் பார்க்கிற கம்பி!

"உங்கண்ணன் என்ன வேலை பார்க்கிறார்?"

டீச்சரின் முகம் வெளுத்தது.

"பல் டாக்டர்..."

---

ஊரில் மற்ற பல் டாக்டர்களுக்கு சாயங்காலம் கோல்ஃபோ சீட்டோ இருக்கும். நம்ம டாக்டருக்குக் கேமரா. கடைசி பேஷன்ட் வாயைக் கொப்பளித்துவிட்டுப் போனதும், அதே விளக்கடியில், அதே கம்பிகளை வைத்துக்கொண்டு, அறுபது வருஷத்துக் கேமராக்களின் வாயைத் திறந்து உட்கார்ந்துவிடுவார். இறுகிப்போன எண்ணெயைச் சுரண்டுவார். வெளிச்சத்தை மறைக்கிற ஷட்டர் துணியில் ஓட்டை இருந்தால் அடைப்பார். செத்துக் கிடந்த ஷட்டர் 'க்ளிக்' என்று ஒரு சத்தம் போட்டால் போதும், மனுஷனுக்குப் பசியே மறந்துவிடும்.

அன்று சாயங்காலம் கிளினிக்கில் விளக்கே எரியவில்லை.

பேஷன்ட் நாற்காலியில் டாக்டரே சாய்ந்து கிடந்தார். எதிரே, எக்ஸ்ரே கழுவும் அறைக் கதவில், கிளிப் போட்டு ஒரு ஃபிலிம் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஈரம்.

இன்ஸ்பெக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை... வெறும் பிளாஸ்டிக்!

"என்ன டாக்டர் இது? ஒண்ணுமே இல்லே?"

"வீணாப் போச்சு."

"எதை எடுத்தீங்க?"

டாக்டர் ஃபிலிமிலிருந்து கண்ணைத் திருப்பிக்கொண்டார்.

"உங்க மாப்பிள்ளையை யாரோ அடிச்சுப் போட்டிருக்காங்க. தெரியுமா?"

டாக்டர் துள்ளி எழுந்தார். "மாப்பிள்ளையையா? உயிருக்கு...?"

"இருக்கு. அடிச்ச கேமராவுல உங்க கைரேகை."

"நான்தானே அதை ரிப்பேர் பண்ணினேன்!"

"தரையில உங்க கம்பி. அலமாரியில உங்க கேமரா இல்லே. போன வாரம் கேமரா சங்கத்துல ரெண்டு பேருக்கும் வாய்த்தகராறு. நான் சரியாத்தானே சொல்றேன்?"

"சரிதான்..."

"காலையிலேர்ந்து எங்க இருந்தீங்க?"

"படம் எடுக்கப் போயிருந்தேன்."

"எங்கே?"

டாக்டர் வாயைத் திறந்தார். மூடினார்.

அவருடைய செல்ஃபோன் அலறியது. திரையைப் பார்த்தவர், தேள் கொட்டியது மாதிரி கையை உதறி, கட் செய்தார்.

"யாரு?"

"பேஷன்ட்..."

"எடுக்கலாமே?"

"பல்வலிதான். காத்திருக்கும்."

மறுபடி அலறியது. மறுபடி கட்!

இன்ஸ்பெக்டர் சிரித்தாள். கூட்டாளியின் ஃபோன் என்று முடிவு கட்டிவிட்டாள்!

"கிளம்புங்க டாக்டர். உங்க மாப்பிள்ளை கண்ணைத் திறந்துட்டாராம்."

---

ஜீப்பில் போகும்போது டாக்டர் தலையைக் குனிந்தபடியே வந்தார். ஜெயிலை நினைத்து அல்ல. மாப்பிள்ளையின் முகத்தை நினைத்து.

விஷயம் இதுதான்.

அந்தக் காலத்துக் கேமராக்கள் சிலவற்றில் நாம் பார்க்கிற ஜன்னல் வேறு, படம் பிடிக்கிற லென்ஸ் வேறு. லென்ஸுக்கு மூடி போட்டிருந்தாலும் ஜன்னல் வழியே உலகம் பளிச்சென்று தெரியும். ஏமாந்தவன் முழு ஃபிலிமையும் மூடிக்குள்ளேயே எடுத்துத் தள்ளுவான்!

போன வருஷம் மாப்பிள்ளை அப்படித்தான் தள்ளினான். சொந்தக் குழந்தையின் முதல் பிறந்தநாள். ஒரு படம்கூட இல்லை.

அதை டாக்டர் அப்படியே விட்டிருக்கலாம். விட்டாரா? காலி ஃபிலிமைச் சங்கத்துக்குக் கொண்டுபோய், எல்லோருக்கும் தூக்கிக் காட்டி, "இது எங்க மூடி மாப்பிள்ளை எடுத்த படம்!" என்றார். சங்கமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

அன்றையிலிருந்து அவன் மூடி. சங்கத்தில் மூடி. கடையில் மூடி. தெருவில் மூடி! போன வாரம் அவன் கண் கலங்கி, "போதும் மச்சான், விட்டுடுங்க" என்றபோதுகூட டாக்டர் சிரித்துக்கொண்டேதான் இருந்தார்.

---

ஆஸ்பத்திரி.

தலையில் பெரிய கட்டோடு மாப்பிள்ளை படுத்திருந்தான். கால்மாட்டில் டீச்சர், அழுது வீங்கிய முகத்தோடு. நாற்காலி முதுகில் ரத்தக் கறையோடு அந்த வெள்ளைக் கோட்டு.

"யாரு உங்களை அடிச்சது?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

மாப்பிள்ளை எல்லோரையும் பார்த்தான். கடைசியாகக் கதவோரம் நின்ற டாக்டரைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"மச்சான்தான்..."

"இல்லே!" டீச்சர் வீறிட்டாள். "அண்ணன் இல்லே!"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அண்ணா, வாயைத் திறந்து சொல்லேன்! எங்க இருந்தே நீ? சொல்லித் தொலையேன்!"

டாக்டர் தரையைப் பார்த்தார். அந்தத் தரை பிளந்து விழுங்காதா என்றிருந்தது அவருக்கு.

"ஜீப் வெளியே நிக்குது டாக்டர். கொலை முயற்சி. உள்ளே போனா வருஷக்கணக்குல பல் பிடுங்க முடியாது. வர்றீங்களா?"

செல்ஃபோன் அலறியது!

டாக்டர் பாய்வதற்குள் இன்ஸ்பெக்டர் அதைப் பறித்து, ஸ்பீக்கரைத் தட்டிவிட்டாள்.

"சார்...! என்ன சார், ஃபோனையே எடுக்க மாட்டேங்கறீங்க!" ஒரு பெண் குரல், சந்தோஷத்தில் மூச்சு வாங்கியது. "நான்தான் சார், உங்க நர்ஸ்! இல்லே இல்லே, காலையிலேர்ந்து மிஸஸ்! போட்டோ வந்துடுச்சா சார்?"

இன்ஸ்பெக்டரின் புருவம் ஏறியது. "நான் இன்ஸ்பெக்டர் பேசறேன். டாக்டர் காலையில உங்ககூடவா இருந்தார்?"

"இன்ஸ்பெக்டரா? ஆமா மேடம்... ரிஜிஸ்டர் ஆபீஸ் திறந்ததுலேர்ந்து மதியம் சாப்பாடு வரைக்கும் எங்ககூடத்தான். என் வீட்டுலேர்ந்து யாருமே வரலே மேடம். என் பக்கம் நின்னு கையெழுத்துப் போட்டதே சார்தான். சாருக்கு என்ன மேடம்?"

"ஒண்ணுமில்லே. பேசுங்க."

"சார், எங்கம்மா ஃபோன் பண்ணினாங்க! 'வர முடியலே, மனசு கேட்கலே, ஒரே ஒரு போட்டோ அனுப்பு'ன்னு அழுதாங்க. ஒண்ணே ஒண்ணு அனுப்புங்க சார்!"



டாக்டர் சுவரில் சாய்ந்தார்.

"போட்டோ இல்லேம்மா..."

"இன்னும் கழுவலையா சார்?"

"கழுவிட்டேன். ஒண்ணுமே இல்லே." குரல் உடைந்தது. "லென்ஸ் மூடியை... நான் கழட்டவே இல்லே."

கட்டிலில் மாப்பிள்ளை தலையைத் தூக்கினான்!



"சார்... எல்லாரையும் ஃபோனை உள்ள வைக்கச் சொன்னீங்களே சார்..."

"சொன்னேன்."

"'ஒருத்தரும் ஃபோனைத் தொடக்கூடாது, ஃபிலிம்ல எடுத்தாத்தான் அது கல்யாணப் படம்'னு அதட்டினீங்களே..."

"அதட்டினேன்மா."

"நான் அழகா இருந்தேன் சார்."

டாக்டர் முகத்தைப் பொத்திக்கொண்டார். ஐம்பது வயது மனுஷர், அத்தனை பேர் முன்னால் குலுங்கிக் குலுங்கி அழுதார். கொலைகாரன் என்றபோது வராத அழுகை!

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"அழாதீங்க சார். நாளைக்கு அதே டிரஸ்ஸைப் போட்டுக்கிட்டு வர்றோம், மறுபடி எடுங்க. ஆனா ஒண்ணு... எல்லார் கையிலயும் ஃபோன் இருக்கும்!"

கட்.

---

"மாப்ளே..." டாக்டர் கட்டிலருகே வந்தார். "அந்தக் காலி ஃபிலிமைப் பார்த்ததும் எனக்கு உங்க முகம்தான் ஞாபகம் வந்தது. உங்க குழந்தை பிறந்தநாள் போச்சேன்னு நீங்க நின்னபோது, நான் ஊரைக் கூட்டிச் சிரிச்சேன். என் நாக்கை அறுக்கணும்."

மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டான். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. வழியும்போதே... "க்ளுக்!" சிரிப்பு! அடக்கப் பார்த்தான். கட்டுப் போட்ட தலை வலித்தது. இன்னும் சிரித்தான்.

"நீங்களுமா மச்சான்...!"

"நிறுத்துங்க!" இன்ஸ்பெக்டர் அதட்டினாள். "டாக்டர் கல்யாணத்துல இருந்திருக்கார். அப்போ நீங்க சொன்னது பச்சைப் பொய்! அவர் கேமரா எங்கே?"

சிரிப்பு நின்றது. மாப்பிள்ளை போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டான்.

"அலமாரி மேல... பிஸ்கெட் டின்னுல."

"டின்னுலயா?"

"துண்டு துண்டா..." மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டான். "உங்க கேமராவுல ஷட்டர் லேசா திணறிச்சு. நானே சரி பண்ணிக் காட்டினா யாரும் மூடின்னு சொல்ல மாட்டாங்கன்னு நினைச்சேன். உங்க கிளினிக்லேர்ந்து கம்பியை எடுத்தேன். கோட்டையும் எடுத்தேன். கோட்டு போட்டா கை பேசும்னு ஒரு நப்பாசை."

"அப்புறம்?"

"திறந்ததும் ஸ்பிரிங் எங்கேயோ பறந்துடுச்சு. மூட வரலே. ஸ்டூல் மேல ஏறி டின்னை ஒளிச்சேன். மேலேர்ந்து கேமரா ஒண்ணு நங்குன்னு தலையில விழுந்தது. அவ்வளவுதான் தெரியும்."

"அதுக்கு உங்க மச்சான் பேரைச் சொன்னீங்களா?"

"நானே உடைச்சு நானே மண்டையை உடைச்சுக்கிட்டேன்னு எப்படி மேடம் சொல்றது? சங்கத்துல இன்னொரு பேர் வைப்பாங்களே! மச்சான் தலைகுனிஞ்சு நின்னதைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் சந்தோஷமாத்தான் இருந்தது. அடுத்த நிமிஷமே என் மேலேயே அருவருப்பா இருந்தது."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினாள்.

"நல்ல குடும்பம்! ஒருத்தர் கொலைகாரன்னு பேர் வாங்கத் தயார், இன்னொருத்தர் பொய் சாட்சி சொல்லத் தயார். 'தப்புப் பண்ணிட்டேன்'னு சொல்ல மட்டும் ரெண்டு பேருக்கும் வாய் வராது!"

வாசல்வரை போனவள் நின்றாள். திரும்பினாள்.

"ஆனா ஒண்ணு உதைக்குதே... அந்தக் கேமரா அலமாரி மேலேர்ந்து விழலையே!"

"என்ன மேடம் சொல்றீங்க?"

"என் மூக்கு தூசியை விடாது. அலமாரி மேல தூசியே இல்லே, டின் மட்டும்தான் இருக்கு. கதவு பக்கத்து மேஜையிலதான் தூசி. அந்தத் தூசியில அந்தக் கேமரா உட்கார்ந்திருந்த தடம் சதுரமா, அப்படியே இருக்கு. கேமராவுக்குக் கால் கிடையாது. யாரோ எடுத்திருக்காங்க!"

எல்லோரும் ஒரே பக்கம் திரும்பினார்கள்.

டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"நீயா?" மாப்பிள்ளையின் கண்கள் விரிந்தன. "என்னையா அடிச்சே?"

"உங்களைப் போய் அடிப்பேனாங்க!" டீச்சர் ஓவென்று அழுதாள். "கிளாஸுக்குப் போனா போர்டுல லென்ஸ் மூடி படம் வரைஞ்சு, கீழே என் பேரை எழுதியிருந்தாங்க. பிள்ளைங்க எல்லாம் சிரிக்குது! பாதி நாள் லீவு போட்டுட்டு வீட்டுக்கு வந்தா... வெள்ளைக் கோட்டு, முதுகைக் காட்டிக்கிட்டு அலமாரியைக் குடையுது! நம்ம மானத்தை வாங்கினது போதாதுன்னு கேமராவையும் தூக்கிட்டுப் போக வந்துட்டான்னு நினைச்சேன். கையில கிடைச்சதை வீசினேன். விழுந்த அப்புறம்தான் திருப்பிப் பார்த்தேன். பார்த்தா, நீங்க!"

டாக்டர் மெல்ல உட்கார்ந்தார்.

"அப்போ... அந்த அடி..."

"உனக்குத்தான் அண்ணா!"

டாக்டர் தலையைத் தடவிக்கொண்டார். கோபம் வரவில்லை. தங்கை கையில் கேமராவைக் கொடுத்ததே தன் நாக்குதான் என்று அவருக்குப் புரிந்திருந்தது.

"சரியான ஆளைத்தான் நீ குறி வச்சிருக்கேம்மா. எனக்கு நல்லா வேணும்" என்றார்.

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டாள். "புகார் யாரு கொடுக்கப் போறீங்க?"

"ஸ்டூல் ஆடிச்சு, நானே விழுந்தேன் மேடம்" என்றான் மாப்பிள்ளை அவசரமாக.

பிறகு டாக்டர் பக்கம் திரும்பினான்.

"மச்சான், முதல்ல அந்தக் கோட்டை எடுத்துட்டுப் போங்க. உங்களுக்கு வர வேண்டிய அடி இன்னும் எத்தனை பாக்கி இருக்கோ!"