கைதட்டு வாங்கிய மௌனம்

படம் முடிந்து விளக்கைப் போட்டபோது அரங்கில் பாதிப் பேர் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர் தங்களை யாராவது பார்த்துவிட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலே புரொஜெக்டர் அறையில் ஆபரேட்டர் அக்கா ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்து உதறிக்கொண்டிருந்தார். படத்தை மெஷினில் ஏற்றிய பிறகு ஹார்டு டிஸ்க்கை அந்தப் பெட்டியில்தான் போட்டு வைப்பது வழக்கம். பெட்டி காலி.

ஞாயிறு, மாலை ஐந்து மணி. வாட்ச்மேன் கேட்டை இழுத்துப் பூட்டினார். படத்தைப் பற்றிய விவாதம் தொடங்கும் முன்பே நின்றுபோனது. அந்த வகையில் திருடன் ஊருக்கு ஒரு நன்மை செய்திருந்தான்.

இரண்டு நாள் ஊர்வலப் பந்தோபஸ்து முடிந்து இன்ஸ்பெக்டர் அம்மா அப்போதுதான் வீட்டில் ஒரு ஷூவைக் கழற்றியிருந்தார். போன் வந்தது. கழற்றியதை மறுபடி மாட்டினார். இன்னொன்றைக் கழற்றாதது நல்லதாகப் போயிற்று.

"என்ன படம்ணே?" என்று ஜீப்பில் ஏட்டைக் கேட்டார்.

"ஆர்ட் படம் மேடம். நாப்பத்தஞ்சு வயசுப் பொம்பளைக்கு ஆசை வருதாம்."

"அது குத்தமா?"

"எனக்கென்ன தெரியும் மேடம். படமா எடுத்திருக்காங்கன்னா ஏதோ இருக்கும்."

அரங்கின் வாசலில், டிக்கெட் கிழிக்கும் இடத்துக்குப் பக்கத்து பெஞ்சில் ஒரு பெண்மணி கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். படத்தின் நாயகி அவர்தான். வார நாட்களில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர்.

"நீங்க உள்ள போய்ப் பாக்கலையா?"

"என் மூஞ்சிய அவ்ளோ பெருசாப் பாக்க தைரியமில்ல மேடம். வெளியவே உக்காந்துட்டேன்." டீச்சரின் குரல் இறங்கியது. "அதுல ஒரு போர்வைச் சீன் வரும். தியேட்டர்ல மட்டும்தான் காட்டுவேன்னு டைரக்டர் சத்தியம் பண்ணித்தான் நடிச்சேன். அவரு இப்ப வெளிநாட்டுல இருக்காரு. டிஸ்க் வெளிய போச்சுன்னா அந்தச் சீனை மட்டும் வெட்டி நாளைக்கே எங்க கிளாஸ் பசங்க போன்ல ஓட்டுவாங்க. அப்புறம் நான் எப்படி போர்டு பக்கம் திரும்பி நின்னு எழுதுவேன்?"

"ஓடாது. கிடைச்சிடும்" என்றார் இன்ஸ்பெக்டர். அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அலுப்பில் வாய் தானாகச் சொன்னது.

அலுவலக அறையில் இரண்டு பேர் ஏற்கெனவே சண்டையில் இருந்தார்கள். ஒருவர் திரைப்படக் கழகத் தலைவர், ஓய்வுபெற்ற பேராசிரியர். இன்னொருவர் வக்கீல். படம் வருகிறது என்று தெரிந்த நாளிலிருந்து எதிர்ப்புத் தெரிவித்து, முதல் ஆளாக டிக்கெட் வாங்கியவர்.

"அந்தப் போர்வைச் சீன் மேடம்!" தலைவர் கையை விரித்தார். "பத்து நிமிஷம். முழு மௌனம். ஒரு ஒலி கிடையாது. உலக சினிமாவுல இப்படியொரு துணிச்சலை நான் பாத்ததில்ல. என்னையறியாம கைதட்டிட்டேன்."

"துணிச்சலாம் துணிச்சல்!" வக்கீல் பாய்ந்தார். "ரெண்டு பேரும் தலையோட இழுத்துப் போர்த்திக்கிட்டு... பேச்சில்ல, மூச்சில்ல. என்ன சார் கலை இது? கட்டின பொண்டாட்டிகிட்டகூட நாலு வார்த்தை பேசுவோம்."

"முழுசாப் பாத்தீங்களா சார்?"

"எதிர்க்கணும்னா முழுசாப் பாத்துத்தானே ஆகணும்?"

"நடுவுல எழுந்து போனீங்களா?"

"இவரா?" என்றார் தலைவர். "என் பக்கத்து சீட்டு. கண்ணைக்கூட சிமிட்டல."

"நீங்க மட்டும்?" என்றார் வக்கீல்.

அந்த ஒரு விஷயத்தில் இருவரும் ஒத்துப்போனார்கள்.

"இதுல துப்பறிய என்ன மேடம் இருக்கு?" தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "புரொஜெக்டர் பூத்துல இருந்தது அந்த ஆபரேட்டரம்மா ஒருத்திதான். கூட்டிட்டுப் போங்க. நாளையிலேருந்து அந்தம்மாவுக்கு இங்க வேலையும் இல்ல."

ஆபரேட்டர் அக்கா வந்தார். கண்கள் தரையில்.

"நான் பூத்தை விட்டு நகரவே இல்ல மேடம்."

"சரி."

"நகரவே இல்ல."

"ஒரு தடவை சொன்னாப் போதும்மா."

அடுத்து டீச்சரின் கணவர், பல் டாக்டர். உட்காரும் முன்பே பேசத் தொடங்கினார்.

"என் மனைவி நடிக்கிறதுக்கு முதல்ல சம்மதம் சொன்னதே நான்தான் மேடம். அவ உடம்பு, அவ உரிமை. மேடையிலயே பேசியிருக்கேன்."

"படத்தை முன்னாடியே பாத்துட்டீங்களா?"

"இல்ல. இன்னிக்குத்தான் முதல் தடவை. பால்கனி, கடைசி வரிசை. உக்காந்தவன் எழுந்திருக்கல."

"சங்கடமா இல்லையா சார்?"

"எதுக்கு? நான் நடிப்பை மட்டும்தான் பாத்தேன். ஆரம்பத்துல பாத்திரம் தேய்க்கிற சலிப்பு, போர்வைக்குள்ள வாய்விட்டுச் சிரிக்கிறது, கடைசியில பஸ்ல தனியாப் போறது... எல்லாமே பிரமாதம்." கைக்குட்டையால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். "இதெல்லாம் புரிய ஒரு பக்குவம் வேணும் மேடம்."

இன்ஸ்பெக்டர் கொட்டாவியை விழுங்கினார். பல் டாக்டர் முன்னால் வாயைத் திறக்க அவருக்கு விருப்பமில்லை.

ஏட்டு எல்லாப் பைகளையும் சோதித்துவிட்டு வந்தார். குடை, தண்ணீர் பாட்டில், வக்கீல் பையில் பைனாகுலர். டிஸ்க் இல்லை.

ஆறரை மணிக்கு இன்ஸ்பெக்டர் புரொஜெக்டர் அறைக்கு ஏறினார். அங்கே ஒரு ஸ்டூல் இருக்கிறது என்று ஏட்டு சொல்லியிருந்தார்.

"மெஷின்ல படம் இன்னும் இருக்கா?"

"ராத்திரி வரைக்கும் இருக்கும் மேடம். அப்புறம் தானா அழிஞ்சிடும்" என்றார் அக்கா.

"எல்லாரும் சொல்ற அந்தப் போர்வைச் சீனைப் போடுங்க."

கண்ணாடிச் சதுரத்துக்கு அப்பால் திரையில் ஒரு பழைய நீலப் போர்வை அசைந்தது. முகம் ஒன்றும் தெரியவில்லை. இன்ஸ்பெக்டரின் கண்கள் சொருகின. அப்போது சுவரிலிருந்த சின்ன ஸ்பீக்கரில் ஒரு பெண் சிரித்தார். அடக்கி, அடக்க முடியாமல் உடைந்து, மூச்சு வாங்கி, மறுபடியும் சிரித்தார்.

இன்ஸ்பெக்டருக்குத் தூக்கம் போய்விட்டது.

"இந்தச் சீன்ல சத்தம் இருக்கா?"

அக்கா அழத் தொடங்கினார்.

"இந்தச் சீன் ஆரம்பிச்சதுமே ஆம்ப்ளிஃபயர் விளக்கு சிவப்பாயிடுச்சு மேடம். அது திரைக்குப் பின்னாடி இருக்கு. கதவைக்கூடச் சாத்தாம ஓடினேன். ஜனங்க கத்தி ரகளை பண்ணுவாங்கன்னு பயந்துட்டே போனேன். ஒருத்தரும் கத்தல. சரி பண்ணிட்டு வர்றேன், கைதட்டுறாங்க. அப்புறம் எதுக்குச் சொல்லணும்? சொன்னா வேலை போயிடும்."

"அந்த நேரத்துல இந்த ஸ்பீக்கர்?"

"இது நேரா மெஷின்லேருந்து வருது. இங்க மட்டும் கேட்டுட்டே இருந்திருக்கும்."

இன்ஸ்பெக்டர் கீழே இறங்கி வாசல் பெஞ்சில் டீச்சருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"போர்வைச் சீன்ல நீங்க சிரிக்கிறது வீட்டுக்காரருக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது மேடம். அவரு எதுவும் கேக்கல. 'உனக்கு முழு சுதந்திரம்'னு சொல்லிட்டு பேப்பரைப் பிரிச்சிட்டாரு."

ஐந்து நிமிடத்தில் எல்லோரும் அலுவலக அறையில் இருந்தார்கள்.

"டிஸ்க்கைக் கொடுங்க டாக்டர்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நானா? நான் எழுந்திருக்கவே இல்லைன்னு..."

"கீழ ஆம்ப்ளிஃபயர் செத்துப் போச்சு சார். பாராட்டினவரும் சத்தமில்லைன்னுதான் பாராட்டினாரு. திட்டினவரும் சத்தமில்லைன்னுதான் திட்டினாரு. நீங்க மட்டும் அந்தச் சிரிப்பைப் பாராட்டினீங்க. தலையோட போர்த்தியிருந்ததால சிரிப்பு கண்ணுக்கும் தெரியாது. கேட்டாத்தான் உண்டு. அந்த நேரத்துல அது கேட்ட ஒரே இடம் பூத். அங்க யாரும் இல்லை, கதவும் திறந்திருந்தது. நீங்க உக்காந்திருந்த பால்கனிக்கு அடுத்த கதவு அது."

டாக்டர் மனைவியைப் பார்க்கவில்லை.

"அந்தப் போர்வையைப் பாத்ததும் உக்கார முடியல. வெளிய காத்து வாங்கலாம்னு எழுந்தேன். பூத்துக்குள்ளேருந்து அவ சத்தம். போய் நின்னு கேட்டேன். அது நடிப்பில்ல. பதினெட்டு வருஷத்துல எங்க வீட்ல அப்படி ஒரு சிரிப்பு கேட்டதில்ல. இன்னும் எத்தனை ஊர்ல போட்டு எத்தனை பேரு கேப்பாங்க... பெட்டி எதிர்லயே இருந்துச்சு." கையால் மேலே காட்டினார். "பால்கனி வாசல்ல தீயணைப்பு மணல் வாளி இருக்கு. அடியில வெச்சிருக்கேன்."

ஏட்டு மணலைத் தட்டியபடி டிஸ்க்கைக் கொண்டுவந்தார்.

டீச்சர் நிதானமாகக் கேட்டார். "அது நடிப்புதாங்க. எப்படிச் சிரிக்கிறதுன்னு மறந்துபோய் நாலு நாள் கதவைச் சாத்திட்டுப் பழகினேன். நீங்க ஹால்லதான் இருந்தீங்க. அப்பவும் கேக்கலையா?"

டாக்டர் மறுபடி விரல்களைத் துடைத்தார். அறையில் இப்போது நிஜமாகவே ஒரு சத்தமும் இல்லை. யாரும் கைதட்டவில்லை.

தலைவர்தான் தொண்டையைச் செருமினார். "அப்படின்னா ஆபரேட்டர் மேல ஒழுங்கு நடவடிக்கை..."

"தாராளமா எடுங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "காரணம் எழுதணுமே சார். படத்துல சத்தம் வரல, தலைவர் கைதட்டினார்னு எழுதுவீங்களா?"

வக்கீலின் முகம் மலர்ந்தது.

"அதுல நீங்க திட்டினதையும் எழுதணும் சார்" என்றார் இன்ஸ்பெக்டர். மலர்ந்தது மூடிக்கொண்டது.

புகார் வாபஸானது. அடுத்த ஞாயிறு படத்தைச் சத்தத்தோடு மறுபடி போடுவதென்று அக்காவே அறிவித்தார். தலைவர் மறுக்கவில்லை. வக்கீல் அப்போதே டிக்கெட் கேட்டார்.

அதுவரை டிஸ்க்கை டீச்சரிடமே ஒப்படைத்தார்கள். அவர் அதைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தார்.

"சாவி" என்று கையை நீட்டினார்.

டாக்டர் கார் சாவியைக் கொடுத்தார். டீச்சர் ஓட்டுநர் சீட்டில் ஏறிக் கைப்பையைப் பக்கத்து சீட்டில் வைத்தார். அந்தப் பக்கக் கதவைத் திறந்த டாக்டர் பையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். டீச்சர் பையை எடுக்கவில்லை. டாக்டர் கதவைச் சாத்திவிட்டுப் பின் சீட்டில் ஏறிக்கொண்டார்.