சாவி பைக்குள் இருக்கிறது

டெஸ்மண்ட் அவளைப் பெவர்லி என்று கூப்பிட்டான்.

“பெவர்லி, ஏறு. போகலாம்.”

நாற்பத்தோரு வருடத்தில் அந்தப் பெயர் அவன் வாயிலிருந்து முழுசாக வந்தது கல்யாணத்தன்று பாதிரியார் முன்னால் மட்டும்தான். மற்ற நாளெல்லாம் ‘கண்ணு’. கோபம் வந்தால் ‘அம்மா தாயே’. பெவர்லி, ஆற்றில் படகை ஏற்றி இறக்கும் தண்ணீர்த் தொட்டியான லாக்கின் கடைசிக் கதவைத் தள்ளிச் சாத்திவிட்டு, மதகு திருகும் இரும்புக் கைப்பிடியை இடுப்பில் செருகிக்கொண்டு படகில் ஏறினாள்.

அவன் அவள் கண்ணில் படாமல் இருந்தது பத்து நிமிடம்தான் இருக்கும். படகை லாக்குக்குள் விட்டுக் கதவடைத்து, அவள் கரையில் நின்று மதகைத் திருகித் தண்ணீரை வடிக்க, அவன் சுக்கானைப் பிடித்தபடி பாசி வழியும் இரண்டு சுவர்களுக்கு நடுவே இறங்கிக்கொண்டே போக, முதலில் தோளும் பிறகு தொப்பியும் அவள் கண்ணிலிருந்து மறைந்தன. அப்போதுதான் கீழே கனமாக ஏதோ தண்ணீரில் விழுந்தது. “டெஸ், என்னது?” என்றாள். பதில் வர நேரமானது. “ஒண்ணுமில்ல,” என்றது குரல்.

நவம்பரில் சோர் ஆற்றின்மேல் நாலு மணிக்கே வெளிச்சம் வடிந்துவிடும். ‘அவசரமில்லை’ என்று பெயர் எழுதிய அவர்கள் படகு அந்தப் பெயருக்குத் துரோகம் செய்யாமல் நகர்ந்தது. கரையில் நாயோடு நடப்பவர்கூட முந்திவிடலாம், ஆனால் இன்று நாயும் இல்லை, ஆளும் இல்லை. கரியடுப்புப் புகையும் டீசலும் அழுகிய இலையும் கலந்த வழக்கமான வாசனைக்கு நடுவே அந்த லாக் சுவரின் வாசனையும், பச்சைப் பாசியும் பழைய சேறுமாக, கூடவே வந்தது. லாக்கை விட்டு ஒரு மைல் வந்தாயிற்று. வாசனை அவனிடமிருந்துதான் வந்தது.

டீ கொடுத்தாள், மூன்று சர்க்கரை போட்டு. வாங்கிக் கூரைமேல் வைத்தான். ஆவி அடங்கும்வரை தொடவில்லை.

“காலைலேர்ந்து டீ, டீன்னு உயிர எடுத்தியே.”

“அப்புறம்.”

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பிறகு அவன் முழங்கையைப் பார்த்தாள். போன குளிர்காலத்தில் அந்த நீல ஸ்வெட்டர் முழங்கையில் கிழிந்தபோது, நீல நூல் தீர்ந்துபோய், சிவப்பு நூலில் தைத்துக் கொடுத்தவள் அவள். “கையில தபால்பெட்டிய ஒட்டி விட்டுட்டியே கண்ணு,” என்று மார்ச் வரை கிண்டல் செய்தான். இந்த முழங்கை முழுக்க நீலமாக இருந்தது. கிழிசலும் இல்லை, தையலும் இல்லை.

இது டெஸ் இல்லை. டெஸ் எங்கே?

என்ஜின் சத்தம் கனத்தது. படகு இழுக்க மாட்டாமல் முனகி நாணலுக்குள் சாய்ந்து நின்றது. அவன் என்ஜினை அணைத்தான்.

“விசிறியில என்னமோ சுத்தியிருக்கு. கைய விட்டுப் பாரு.”

அந்த வேலையை அவன் அவளை ஒருநாளும் செய்ய விட்டதில்லை. பின்தளப் பலகையைத் தூக்கினால் இரும்பு மூடி. மூடியைக் கழற்றினால் நேரே ஆறு. தோள்வரை கையை விட்டு, தண்ணீருக்கடியில் சுழன்று படகைத் தள்ளும் விசிறியைத் தடவிப் பார்க்கவேண்டும். கையை விடுபவர் பையில்தான் என்ஜின் சாவி இருக்கவேண்டும் என்பது டெஸ்மண்ட் போட்ட சட்டம். நாலு விரலை இழந்த ஒருவர் கதையை நூறு முறை சொல்லியிருக்கிறான்.

போன் அவன் கால்சட்டைப் பையில். அடுத்த பாலம் மூன்று மைல்.

“சாவியக் குடு.”

கொடுத்தது. தக்கை உருண்டை கோத்த சாவி, சில்லென்று. பையில் போட்டுக்கொண்டாள். மண்டியிட்டாள்.

தண்ணீர் எலும்புவரை குளிர்ந்தது. இரும்புத் தண்டு. அதில் இறுக்கிச் சுற்றிய துணி. பிய்த்து மேலே இழுத்தாள். நீலக் கம்பளி. நடுவில் சிவப்புத் தையல்.

துணியைப் பலகைமேல் போட்டாள். தலைக்கு மேல் அது அசையாமல் நின்றது.

மறுபடி கையை விட்டாள். விடாமல் இருக்க முடியவில்லை. மிச்சத் துணிக்குக் கீழே விரல்கள். மோதிரம். விரல்கள் மூடின.

மூன்று முறை அழுத்தின. சினிமாக் கொட்டகையில், ஆஸ்பத்திரியில், தூக்கம் வராத படுக்கையில் அவன் அழுத்துவானே, அதே மூன்று.

“டெஸ்,” என்றாள் தண்ணீரைப் பார்த்து. “நான்தான். உன் கண்ணு.”

அந்தக் கை அவள் கையைத் தள்ளியது. மேலே, வெளியே, போ என்று தள்ளியது. நழுவிப் போகிறான் என்று நினைத்து அவள் இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

“முடிஞ்சுதா?” என்றது மேலே நின்றது. கொஞ்சம் யோசித்தது. “கண்ணு.”

இடது கையால் பையைத் தடவினாள். தக்கை இருந்தது. சாவி இருந்தது.

என்ஜின் உயிர்பெற்றது.

விசிறியைச் சுழல விடும் கியர்த் தண்டின்மேல் ஒரு கை நகரும் சத்தம். தண்ணீருக்கடியில் அவன் இன்னும் தள்ளிக்கொண்டே இருந்தான். அவள் விடவில்லை.