நான்காவது சக்கரம்

“கால் எங்க? எம்மா நேரமாக் கூப்பிடுறேன்!”

அறைக்குள்ளிருந்து செல்வா கத்தினான். தோசைக் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள் புனிதவதி. மகன் கேட்ட செயற்கைக் கால் சுவரோரம் சாய்ந்துதான் இருந்தது. கை நீட்டினால் எட்டும். ஆனாலும் அம்மாதான் எடுக்க வேண்டும், அம்மாதான் மண்டியிட்டு மாட்டிவிட வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றே அவன் போட்ட சட்டம் அது.

முழங்காலோடு முடிந்துபோன காலில் உறையை இழுத்துவிட்டு வாரைப் பூட்டினாள்.

“வலிக்குது! வேணும்னே இறுக்குறியா?”

“இல்லய்யா... இதோ தளத்திட்டேன்...”

“உன் கால் பாத்த வேலதானே இது? சாகுற வரைக்கும் நீயே மாட்டு!”

அறை வாசலில் வந்து நின்றாள் செல்வாவின் மனைவி சந்திரிகா. “அத்தை, தோசை கருகுது. பிரேக்க மிதிக்கச் சொன்னா காலத் தூக்கிடுறீங்க, அடுப்பப் பாக்கச் சொன்னா இப்படி. எதத்தான் ஒழுங்கா செஞ்சீங்க?”

புனிதவதி அடுப்படிக்கு ஓடினாள். சாப்பாட்டு மேசையில் இளையவன் தீபன் தலையைக் குனிந்துகொண்டு தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டே இருந்தான். சீனி எப்போதோ கரைந்துவிட்டது.

எல்லாம் அந்தக் காரால் வந்த வினை. புக்கிட் பெலிம்பிங்கில் அவர்கள் வீட்டு முன்கொட்டகையில் ஒரு பழைய கஞ்சில் கார் நின்றது. கறிகாய் வாங்கப் போகிறவர்கள் ஓட்டும் குட்டி வண்டி. ஜப்பானிலிருந்து பாதியாக அறுபட்டு வந்த ஒரு காரின் டர்போ எஞ்சினை அதற்குள் திணித்துப் பறக்கவிட வேண்டும் என்று அண்ணன் தம்பி இருவருக்கும் வெறி. தொழிற்சாலையில் ஓவர்டைம் பார்த்து, அப்படி அறுபட்ட கார்களின் சாமான் விற்கும் ரவாங் ஆப்கட் கடையில் மாதம் ஒரு சாமானாக வாங்கி வந்தார்கள். இந்த மாதம் டர்போ, அடுத்த மாதம் ரேடியேட்டர்... பிரேக் கடைசியாகத்தான் வந்தது. ஓடுவதற்கு அலைகிறவர்கள் நிற்பதற்கு எங்கே அலைகிறார்கள்!

பிரேக்கை மாற்றினால் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க, இன்னொருவர் சக்கரத்தருகே படுத்து, அங்கிருக்கும் சின்னத் திருகைத் திறந்து மூட வேண்டும். திருகு திறந்திருக்கும்போது பெடலிலிருந்து காலை எடுத்தால் காற்று மறுபடி உள்ளே புகும், பிரேக் பிடிக்காது. பட்டறைக்குப் போனால் செலவு. அம்மாவின் கால் இனாம்.

“அமுக்கும்மா... புடி... நான் சொல்ற வரைக்கும் விடாத...” என்றான் சக்கரத்தருகே படுத்திருந்த தீபன்.

பிள்ளைகளின் காரில் தனக்கும் ஒரு வேலை கிடைத்ததில் புனிதவதிக்கு உள்ளூரப் பெருமை. கால் கடுத்தும் சொல்லவில்லை. மூன்று சக்கரம் முடிந்தபோது வேலையிலிருந்து வந்துவிட்டான் செல்வா. “ரெடியா லா? சாவியக் குடு!”

“போதும்மா, எறங்கு,” என்றான் தீபன்.

“இன்னும் ஒரு சக்கரம் இருக்கேப்பா?”

“மூணு போதும்மா. அண்ணன் அவசரப்படுறான்ல.”

அன்று மாலையே, தஞ்சோங் காராங் சாலையில் வாய்க்கால் பாலத்தருகே பெடல் தரைவரைக்கும் போனது. கார் பாலக் கட்டையில் மோதி நின்றது. செல்வாவின் கால் உள்ளேயே நசுங்கியது.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவன் தம்பியைத்தான் கேட்டான். “காத்த ஒழுங்கா எடுத்தியாடா? உன் தப்புன்னா உன்னக் கொன்னுருவேன்!”

தீபன் சுவரோடு ஒட்டிக்கொண்டான். “அம்மா... நடுவுல காலத் தூக்கிட்டாங்கண்ணே...”

புனிதவதி திரும்பினாள். சின்னவனின் முகத்தைப் பார்த்தாள். செத்தவன் முகம் மாதிரி இருந்தது. பெற்றவள் வேறென்ன செய்வாள்? “ஆமாய்யா... கால் வழுக்கிருச்சி,” என்றாள். அந்த ஒரு சொல்லுக்குத்தான் இத்தனை நாள் வசவு.

தோசை தின்று முடித்த செல்வா கொட்டகைக்கு வந்தான். காரை மூடியிருந்த தார்ப்பாயை உருவி எறிந்தான். உருப்படியான சாமான்களைக் கழற்றி விற்றுவிடப் போகிறானாம். பலகையில் உட்கார்ந்து, பின்பக்கத்து வலது சக்கரத்தைக் கழற்றிப் பிரேக்கை எடுத்தான். பிறகு இடது பக்கம் நகர்ந்தான்.

புனிதவதி பதறிப்போனாள். “அது கெடக்கட்டும்யா... வெயில் ஏறுது...”

“அண்ணே, அத நான் பாத்துக்குறேன்.” தீபன் ஸ்பேனரைப் பிடுங்கப் பார்த்தான்.

“தள்ளுடா! ரெண்டு பேரும் ஏன் இப்படித் துடிக்கிறீங்க?”

சக்கரம் கழன்றது. செல்வா குனிந்தவன் குனிந்தபடியே இருந்தான்.

ஆப்கட் கடைக்காரர் விற்கும் பிரேக்கில், அந்தச் சின்னத் திருகின்மேல் மஞ்சள் சாயத்தால் ஒரு கோடு இழுத்துத் தருவார். திருகைத் திருப்பினால் கோடு உடைந்துவிடும். உடைந்த சாமானை அவர் திருப்பி எடுப்பதில்லை. இப்போது கழற்றிய வலது பிரேக்கில் கோடு உடைந்திருந்தது. இதில் இழுத்த கோடு இழுத்தபடி இருந்தது.

“இதத் தொறக்கவே இல்லியேடா...” செல்வா தம்பி பக்கம் திரும்பினான். “தொறக்காத சக்கரத்துல... அம்மா கால வச்சா என்ன, எடுத்தா என்னடா? சொல்லுடா!”

“அண்ணே... நீ கொன்னுருவேன்னு சொன்ன... பயந்துட்டேண்ணே...”

ஸ்பேனரை ஓங்கிக்கொண்டு எழுந்தான் செல்வா. புனிதவதி குறுக்கே விழுந்தாள். “இதுக்குத்தான்யா சொல்லல! உனக்குக் காலு போச்சி, சொல்லியிருந்தா அவனுக்கு உசிரே போயிருக்கும்! நான் யாருக்குன்னு அழுவேன்?”

ஸ்பேனர் கீழே விழுந்தது. செயற்கைக் கால் மடங்காமல் சறுக்க, செல்வா தரையில் சரிந்தான். அம்மாவின் பாதத்தை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டான்.

“இந்தக் காலையா ஏசுனேன்... தெனமும் மண்டி போட வச்சேனேம்மா... பாவிம்மா நான்!”

சந்திரிகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். “அத்தை, மன்னிச்சிருங்கத்தை...” புனிதவதி மகன் தலையை மடியில் சாய்த்துக்கொண்டு, அவன் அழுது ஓயும்வரை தடவிக்கொடுத்தாள். அவளும் அழுதாள். பிறகு எழுந்து உள்ளே போனாள். வந்தபோது கையில் துணிப்பை இருந்தது.

“அம்பாங் பெச்சாவுல திலகம் இருக்கா. தங்கச்சி வீட்டுல கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன்.”

“என் மேல கோவமாம்மா?” என்றான் செல்வா.

“உன் மேல என்னய்யா கோவம்? நீ நெசம்னு நம்பி ஏசுன, வாங்கிக்கிட்டேன்.” தீபன் பக்கம் திரும்பினாள். “இவன் எல்லாம் தெரிஞ்சிக்கிட்டு, தெனமும் பக்கத்துலயே உக்காந்து தேத்தண்ணி குடிச்சான் பாரு... அதத்தான் என்னால தாங்க முடியல.”

தீபன் கார்க் கதவைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டான். “அம்மா... போகாதம்மா...”

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். வாசல் கேட்டுவரை போனவள் நின்றாள்.

“தீபா, நாளையிலேருந்து அண்ணனுக்குக் கால் நீதான் மாட்டணும். வார ரொம்ப இறுக்காத... அவனுக்கு வலிக்கும்.”

கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு நடந்தாள்.