இரண்டு வீட்டுப் புகார்

அப்பா புத்தகங்களைத் தைத்து அட்டை போட்டுத் தருபவர். ஒரு வாரமாக அவருடைய பட்டறைச் சுவர் ஈரமாக இருந்தது. அதில் சாய்த்து வைத்த அட்டைகள் ஊறி உப்பிவிட்டன.

“மாடியில துணி துவைக்கிறாங்கல்ல, அந்தத் தண்ணிதான்,” என்றார் அப்பா.

மாடி அத்தை இல்லவே இல்லை என்றார். இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. கேஸ் கட்டைத் தைக்கக் கொடுக்க வந்த வக்கீல் அக்காவிடம் அப்பா நோட்டீஸ் எழுதச் சொல்லிவிட்டார்.

அவருடைய மகள் பொடிசு வக்கீல் அக்காவின் பக்கத்தில் போய் நின்றாள். அம்மா விடியும் முன்பே வேலைக்குப் போய்விடுவார். தினமும் அவளுக்குத் தலை பின்னிவிடுவது மாடி அத்தைதான்.

“அத்தையை ஜெயில்ல போட்டுடுவாங்களா அக்கா?”

“அட, இல்ல. யாரும் எதையும் திருடலையே. இது சிவில் தகராறு. நஷ்டம் யாரால வந்துச்சு, யார் சரிபண்ணித் தரணும், அவ்வளவுதான். ஆனா உங்கப்பாதான் அதை நிரூபிக்கணும். நாளைக்கு நோட்டீஸ் போகும். அப்புறம் ரெண்டு வீடும் வருஷக்கணக்கா முறைச்சுக்கும்.”

பொடிசு சீப்போடு மாடி ஏறினாள். அத்தையின் முகம் கடுகடுவென்று இருந்தது. பின்னல் மட்டும் ஒழுங்காக விழுந்தது.

“உங்கப்பன் பேசுறாரே பேச்சு! என் குழாயில ஞாயித்துக்கிழமையிலேருந்து தண்ணி நூல் மாதிரி வருது. கீழே நீங்கதான் உறிஞ்சுறீங்க. நானும் போடுறேன் பாரு நோட்டீஸ்!”

“எங்க சுவரும் ஞாயித்துக்கிழமையிலேருந்துதான் ஈரம் அத்தை.”

“தலையை ஆட்டாதே.”

மேலே தண்ணீர் குறைகிறது. கீழே தண்ணீர் கசிகிறது. இரண்டு புகாரையும் ஒரே ஆள் கேட்டது இதுதான் முதல் தடவை. ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்பதும் பொடிசுக்கு ஞாபகம் வந்தது. வராமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

ஆனாலும் கீழே இறங்கினாள்.

“அப்பா, ஞாயித்துக்கிழமை பலகை மாட்ட ஆணி அடிச்சீங்களே. அதுக்குப் பின்னால மாடிக்குப் போற குழாய் இருக்குமோ?”

“நீ யார் பக்கம்?”

“தெரியல. ஆணியைப் பிடுங்கிப் பாருங்க.”

அப்பா பிடுங்கினார். தண்ணீர் அவர் மூக்கிலேயே பீய்ச்சியது. வக்கீல் அக்கா கேஸ் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். சத்தம் கேட்டு அத்தை தடதடவென்று இறங்கிவந்து வால்வை மூடினார்.

அப்பாவின் மீசையிலிருந்து சொட்டியது.

“வக்கீலம்மா, என் நோட்டீஸையும் நீங்களே எழுதுறீங்களா?” என்றார் அத்தை.

“நோட்டீஸே வேண்டாம். ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டா, அதுவும் செல்லும்.”

அப்பா எழுதினார்: ‘ஆணி அடித்தது நான். குழாயை நானே சரிசெய்து தருவேன்.’

அத்தை ஒரு வரி சேர்த்தார்: ‘அதுவரை தண்ணீரும் தூக்கித் தருவார்.’

இருவரும் கையெழுத்திட்டார்கள்.

அப்பா மகளிடம் மெதுவாகச் சொன்னார்: “நீ சொல்லலைன்னா, நாளைக்கு நான் இந்த மூஞ்சியை எங்க கொண்டுபோய் வெச்சிருப்பேன்?”

அன்று முழுவதும் அவர் தெருக்குழாயிலிருந்து மாடிக்கு வாளி சுமந்தார். ஒவ்வொரு வாளிக்கும் அத்தை, “நன்றி தம்பி,” என்றார்.

பன்னிரண்டாவது வாளியை இறக்கிவைத்துவிட்டு அப்பா மூச்சு வாங்கினார்.

“நன்றி நான்தான்க்கா சொல்லணும்.”