ஒரே நீலக் கவுனில் இருவர்

கூடாரத்தை விட்டு வெளியே வந்த எட்னா அப்படியே நின்றுவிட்டாள்.

எதிரே நின்றதும் அவள்தான்! அதே நீலக் கவுன், அதே வைக்கோல் தொப்பி, அதே பொன்னிறச் சுருள்முடி... ஆனால் மூக்குக்குக் கீழே அடர்ந்த மீசை.

"யாருய்யா நீ? முதல்ல என் கவுனைக் கழட்டு!"

"இங்கயேவா, அம்மணி?"

சுற்றி நின்ற படப்பிடிப்புக் குதிரைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவன் உதடு சிரிக்கவில்லை. கண்கள்தான் சிரித்தன... மழைமேக நிறக் கண்கள். எட்னாவுக்குக் காதுமடல் சூடானது.

அவன் பெயர் ரூஃபஸ். கதாநாயகி குதிரையோடு ஆற்றில் பாயும் காட்சியில் அவளுக்குப் பதிலாகப் பாயப்போகிறவன். நியூயார்க் மேடையில் இதே நாடகத்தை முந்நூறு தடவை நடித்தவள் எட்னா. அங்கே ஆறு ஏது? 'ஆற்றைத் தாண்டி வந்தேன்' என்று மூச்சிரைக்க ஒரு வசனம், அவ்வளவுதான். கலிபோர்னியாவுக்கு ஊமைப்படம் எடுக்க வந்தால் வசனமும் போச்சு, வேஷத்திலும் பங்குக்கு ஒருவன்!

"எனக்குப் பதிலா ஒரு மீசையா? நானே குதிப்பேன்!"

"குதிரை ஏறத் தெரியுமா?"

"பழகிக்கிறேன்..."

"அதுக்குள்ள படமே முடிஞ்சிடும், அம்மணி."

வெடுக்கென்று திரும்பிக்கொண்டாள். மூன்று நாள் அவனோடு பேசவில்லை. படத்துக்காக மீசை மழித்திருந்த அந்த முகத்தை ஓரக்கண்ணால் பார்க்காமலும் இருக்கவில்லை.

நான்காம் நாள், மழையில் ஆறு பெருகியிருந்தது. கேமரா ஓடத் தொடங்கியது. கரையிலிருந்து குதிரை பாய்ந்தது... மூழ்கியது. குதிரை மட்டும் எழுந்தது. வைக்கோல் தொப்பி தனியே மிதந்து போனது.

"ரூஃபஸ்!"

கேமரா முன்னாலேயே ஓடினாள் எட்னா. மார்பளவு தண்ணீர். நாணலைப் பற்றியபடி, இருமிக்கொண்டே ஒரு தலை மேலே வந்தது. அப்பாடா! அவளுக்குப் போன உயிர் திரும்பியது. கூடவே அழுகையும்.

"ஒரே காட்சியில ரெண்டு கதாநாயகி! கெடுத்துட்டீங்களே... இனி நான் மறுபடி குதிக்கணும்."

"குதிச்சா கொன்னுடுவேன்!" அவன் கவுன் கழுத்தைப் பிடித்து உலுக்கினாள். "படம் எக்கேடோ கெட்டுப் போகட்டும். எனக்கு நீங்க வேணும்... போதுமா?"

ரூஃபஸ் திகைத்துப் பார்த்தான். தண்ணீர் இருவரையும் இழுத்தது.

"எட்னா... நீச்சல் தெரியும்ல?"

"தெரியாது."

"தெரியாமயா இறங்கினீங்க?"

"நீங்க உள்ள இருந்தீங்களே!"

அவன் முகம் வெளுத்தது. அடுத்த நொடி அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"எனக்கும் நீங்கதான் வேணும். கரை வந்தாலும் இந்தக் கையை விடமாட்டேன்."