நாலு மணிக் குரல்

செவ்வாய்க் கிரகக் குடியிருப்பில், கணவன்மார் காலையில் பல் துலக்கிய கையோடு மனைவியின் நேற்றைய நினைவுகளைத் திறந்து பார்ப்பது வழக்கம். கல்யாணத்தோடு வருகிற உரிமை அது. மனைவிமாருக்கும் உண்டு, அவர்களுக்குத்தான் நேரம் கிடைப்பதில்லை.

ஆனால் அது லேசுப்பட்ட வேலை இல்லை. பார்த்தவை ஒரு தரவுக்கிடங்கில் அட்டவணையாக, கேட்டவை இன்னொன்றில் கோப்புகளாக, உணர்ந்தவை மூன்றாவதில் வலைப்பின்னலாகக் கிடக்கும். ஒவ்வொன்றிடமும் அதனதன் மொழியில் கேட்க வேண்டும். தனஞ்செயன் தன் மனைவி மாதங்கி பார்த்தவற்றை மட்டும் மேய்ந்துவிட்டு வேலைக்குப் போய்விடுவான். போன வாரம் 'பொதுத்திறவி' என்ற மென்பொருள் நூலகம் வந்தது. ஒரே வரியில் கேட்டால் போதும். மூன்று கிடங்கிலும் அதுவே விசாரித்துப் பதிலைச் சேர்த்துக் கொடுத்துவிடும்.

"மாதங்கி எப்போது ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறாள்?" என்று கேட்டுவைத்தான்.

தினமும் மாலை நாலு மணிக்காம். கூடவே ஓர் ஆண்குரல் ஒலித்தது. "வாங்கம்மா! இன்னிக்குப் பொழுது எப்படிப் போச்சு?" அதற்கு மாதங்கி பத்து நிமிடம் சிரித்துச் சிரித்துப் பேசினாள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து எத்தனை மாதம் ஆயிற்று!

தனஞ்செயனுக்கு வயிறு எரிந்தது. யாரந்தப் பயல்? காட்சியில் முகமே இல்லை, மூன்றாம் தளத்துச் சுவரும் அவள் கைக் கோப்பையும்தான் தெரிந்தன. கையும் களவுமாகப் பிடிக்க மூன்றே முக்காலுக்கே அங்கே போய் நின்றான்.

சுவரில் ஒரு பழைய தேநீர் இயந்திரம். எந்தக் கிடங்கோடும் இணைப்பில்லாத ஓட்டைப் பெட்டி. யாரைப் பற்றியும் அதற்கு எதுவும் தெரியாது. அதனால் வருகிறவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொண்டது.

"வாங்கய்யா! சர்க்கரை போடலாமா?"

அதே குரல். போயும் போயும் இதனிடமா தோற்றேன் என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனிதனாக இருந்திருந்தால் நாலு சாத்து சாத்தியிருப்பான். பெட்டியின் மூடியைக் கழற்றி, மாதங்கியின் மூன்று கிடங்கோடும் இணைத்து, பொதுத்திறவியை உள்ளே ஏற்றினான்.

"இப்ப கேளுடா பாக்கலாம்!"

அது கேட்கவில்லை. மாதங்கி வந்ததும், அவளுக்குப் பிடித்த சூட்டில், பிடித்த சர்க்கரையோடு, வாயே திறக்காமல் தேநீரை நீட்டியது. தூணுக்குப் பின்னால் நின்று அவன் திருப்தியாகப் பார்த்தான்.

இரவுச் சாப்பாட்டில் மாதங்கி தட்டை வெறுமனே அளைந்துகொண்டிருந்தாள்.

"அந்த டீ மிஷின்கூட ஊமையாயிடுச்சுங்க. நீங்களாவது, இன்னிக்கு எப்படிப் போச்சுன்னு ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"எதுக்குக் கேக்கணும்?" என்றான் தனஞ்செயன் பெருமையாக. "உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதது என்ன இருக்கு?"